பூட்டுகிற கத்தி

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் கத்தி.
சாட்ஸ்வர்த்தில் அவசரப் பிரிவு,
இரவு ஏழிலிருந்து காலை ஏழு.
காயத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்:
இது சமையலறைக் கத்தி, இது ஸ்க்ரூட்ரைவர்,
இது அந்த மரப்பிடிக் கத்தி,
பிடியில் நிலாவும் நட்சத்திரமும் பதித்தது,
திறக்கும்போது பல் பல்லாய்
டிரக் டிரக் டிரக் என்று எண்ணுவது.

அவளிடம் போய்க் கத்தி கேட்டேன்.

ஆனி மாதம். இங்கே ஆனி என்றால் குளிர்.
மத்திக் கூட்டம் தெற்கிலிருந்து ஏறி வருகிறது,
அதன் பின்னால் ஷாட், அதன் பின்னால் சுறா,
அதன் பின்னால் டர்பன் முழுக்கத் தூண்டிலோடு.
துறைமுக வாயிலின் வடக்குத் தடுப்புச் சுவரில்
மூன்று வருஷமாய் அப்பாவோடு நிற்கிறேன்.
தூண்டில் என்னுடையது. ஈயக்குண்டு என்னுடையது.
இரை வெட்ட மட்டும் ஒவ்வொரு தடவையும்
"அப்பா, கத்தி."
பதினாறு முடிந்துவிட்டது எனக்கு.
பக்கத்துப் பையன்கள் என்னைவிடச் சின்னவர்கள்,
இடுப்பில் ஆளுக்கொன்று.

அப்பா சொன்னார், "அம்மாவைக் கேள்."
அம்மா சொன்னாள், "பார்க்கலாம்."
எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்பது
கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாள் போடாமல் விடுவது.

பரீட்சைக்குப் போல் தயாரானேன்.
அலகு நீளக்கூடாது. முனை கூரக்கூடாது.
பிடி கறுப்பாய் இருக்கவே கூடாது.
பார்த்ததும் கத்தி என்று தெரியாத கத்தி.
மோதாலா கடையில், கண்ணாடிக்கு அடியில் கிடைத்தது:
சிவப்பு, சுண்டுவிரல் நீளம்,
குட்டிக் கத்தரி, நக அரம், பல்குத்தி.
பென்சில் பெட்டி ஈன்ற குட்டி போல.
எனக்கு அது பிடிக்கவில்லை.
அதனாலேயே அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை, வேலை முடிந்த கையோடு
யூனிஃபார்ம் மேல் ஸ்வெட்டர் போட்டு அம்மா வந்தாள்.
மோதாலா கையில் கொடுக்கவில்லை,
கண்ணாடிமேல் வைத்தார், அவள் எடுத்தாள்.
கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும்.
அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே மதம்.

திறந்தாள். அலகின் முதுகில் கட்டைவிரலால் அழுத்தினாள்.
பட்டென்று மடிந்தது.
"இது பூட்டாது, கேஷ்னி."
"சின்னதுதானே அம்மா."
"சின்னதுதான். புதன்கிழமை ஒரு பையன்.
கயிறு அறுக்கும்போது இப்படித்தான் மடிந்து
நடுவிரல் தசைநாண் போயிற்று.
அவனை யாரும் குத்தவில்லை."

பிறகு அவரிடம், "பூட்டுகிற மாதிரி என்ன இருக்கு?"

ஒன்று இருந்தது, ஜெர்மன் சாமான், எண்ணூறு ராண்ட்.
என்னிடம் நூற்றைம்பது.
மோதாலா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
குனிந்து கீழ்த்தட்டிலிருந்து
மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி
நிலாவையும் நட்சத்திரத்தையும் எடுத்து வைத்தார்.

வெகுநேரம் அவள் அதைத் தொடவில்லை.
இருபது வருஷமாய் அதன் வேலையைத் தைத்திருக்கிறாள்,
அதைக் கையில் எடுத்ததில்லை.

டிரக்.
டிரக். டிரக்.
ஆணி நிறுத்துக்கொண்டிருந்த பையன் தலை தூக்கினான்.
முதுகில் அழுத்தினாள், முழு பலத்தோடு,
நின்ற நெஞ்சை அமுக்குகிற அதே கையால்.
மடியவில்லை.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்தானே" என்றேன்,
சும்மா இருக்க முடியாமல்.
"எங்கள் வார்டில் வல்லவனுக்குப் பீர் பாட்டில்" என்றாள்.
சிரிக்கவில்லை. பர்ஸைத் திறந்தாள்.

காரில் மீதி வந்தது.
டாக்ஸியில் கொண்டுபோகாதே.
பள்ளிக்கூடத்துக்கு நினைக்கவே நினைக்காதே.
ஈயக்குண்டுப் பெட்டியில்தான் கிடக்கணும்.
நான் தூங்கும்போது திறக்காதே.
முழித்திருக்கும்போதும்.

விடிகாலை நாலு மணி. கல்லெல்லாம் ஈரம்.
கணவாயைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு,
முதுகிலுள்ள வளையத்தைத் தூக்கிப் பிடித்து
சத்தமில்லாமல் திறக்கப் பழகிவிட்டேன்.
அவள் மலைக்கு அந்தப் பக்கம், ஷிஃப்டில்.
கேட்கப் போவதில்லை.
இருந்தாலும்.

அப்பா திரும்பாமலே கை நீட்டினார்,
"அந்தக் கத்தியைக் கொஞ்சம் கொடு."
கல்மேல் வைத்தேன்.
அவர் எடுத்துக்கொண்டார்.