நான்காவது பெயர்

மே மாதம் இரண்டாம் சனி, பௌரல்.
காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு முதல் அடி.
பனி விலகியிருக்காது என்கிறான் தயாபரன்.
விலகாவிட்டால் என்ன,
அவன் அடித்த பந்து வெயிலிலும் தெரிந்ததில்லை.

டூங்காபியிலிருந்து வெள்ளி மாலையே புறப்பட வேண்டும்.
கார் இரண்டு, பை நான்கு.
குகநேசனுக்கு முழங்கால்;
வண்டி எடுத்தால் வருகிறானாம்.
வண்டிக்கு ஐம்பது டாலர் என்றதும்
முழங்கால் சற்றே தேறியிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் மைதானத்தின் வரைபடம்.
ஏழாம் குழிக்குப் போகும் வழியில் ஓர் எல்ம் மரம்,
மைதானத்துக்கும் மூத்தது.
வெட்ட மனமில்லாமல் பாதையை வளைத்தார்களாம்.
தட்டில் ரசம் ஆற ஆற
அதை இடப்பக்கமாகச் சுற்றிப் பார்க்கிறேன்,
வலப்பக்கம் ஓடை.
கரண்டிக் காம்பால் இதுவரை
இரண்டு பந்து தொலைத்தாயிற்று.

காலர் வைத்த சட்டை கட்டாயம்.
கிளப் கூடத்தில் கைபேசி கூடாது.
நூறு வருசத்துக் கோப்பைகளுக்குக் கீழே
பழைய விதிப்பலகை ஒன்று தொங்குகிறதாம்:
பெண்கள் வியாழன் பிற்பகல் மட்டும்.
இப்போது அது சும்மா காட்சிக்குத்தான் என்று
தொலைபேசியில் அந்தப் பையன் சிரித்தான்.

பிறகு கேட்டான்:
ஆண்கள் ஆடும் நேரத்தில்
உங்களுக்கு மசாஜ் பதிவுசெய்யட்டுமா?

செய்யுங்கள் என்றேன்.
நிர்த்தனன் என்ற பெயரில்.
என் கணவர், முதுகுவலிக்காரர்,
என் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.
ஏழு ஐம்பத்திரண்டில் நான்காவது பெயர்
வாகீஸ்வரி.

அவனுக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
மூன்று முறை.
அவசரமில்லை,
ரசத்தை எப்படியும்
மறுபடி சூடாக்கத்தான் வேண்டும்.