பத்து லட்சத்து ஒன்பது

ஃப்ரைபுர்க், நீலப் பாலம். தண்டவாளங்களுக்கு மேலே
மிதிவண்டிகளை எண்ணும் கம்பம் ஒன்று.
அக்டோபர் முப்பத்தொன்று, மதியம் ஒன்று பத்து.
அந்த வருடத்தின் பத்து லட்சமாவது ஆளுக்கு
நகராட்சி பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்தது.
புகைப்படத்துக்காக அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.
நான் அவருக்கு ஒன்பது பேர் பின்னால்.

1000009.
மூன்று விநாடி எனக்காக எரிந்தது.
அதற்குள் ஒரு மாணவி வந்து பத்தாக்கிவிட்டாள்.

மருத்துவமனைக் கீழ்த்தளத்தில்
நீராவியிலிருந்து வந்த கத்தரிகளைத் தட்டில் எண்ணி அடுக்கியபடி சொன்னேன்:
அது பகா எண்.
முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, யாருக்கும் பங்கு வைக்காது.
இருக்காது, என்றான் டெஸ்ஃபாலெம்.

பந்தயம் ஒரு காப்பி.
நாளுக்கு ஒரு பகா எண்ணால் வகுக்க வேண்டும், இரண்டிலிருந்து வரிசையாக.
ஆயிரத்தைத் தாண்டத் தேவையில்லை.
நூற்று அறுபத்தெட்டு கதவு.
எதுவும் திறக்காவிட்டால் சித்திரை மூன்றாம் தேதி காப்பி எனக்கு.

அன்றைக்கே தட்டுச் சீட்டின் பின்புறம் பெருமையாக எழுதிக் காட்டினேன்:
ஆயிரத்தின் வர்க்கம், கூட்டல் மூன்றின் வர்க்கம்.
எவ்வளவு அழகு, பார்.
நெடுநேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு, மூன்று, ஐந்து: கையுறையைக் கழற்றாமலே முடிந்தன.
ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும்
ஆயிரத்தொன்று என்ற ஒரே வீட்டில் குடியிருப்பவை.
ஆயிரத்தொன்றாகக் கழித்துக்கொண்டே போனேன்,
கடைசியில் பத்து மிஞ்சியது.
பத்தில் அந்த மூவருக்கும் பங்கில்லை.

பதினேழுக்கு மீதி ஒன்று.
பத்தொன்பதுக்கும் ஒன்று.
நாற்பத்துமூன்றிலும் அதே ஒன்று வந்தபோதுதான்
எனக்கு முன்னால் போனவர் நினைவுக்கு வந்தார்,
கூடையில் லீக்ஸ் கீரை நீட்டிக்கொண்டிருந்த மனிதர்.
அவருடையது எட்டு, ஒன்பது, பதினேழு, பத்தொன்பது, நாற்பத்துமூன்று
எல்லோருக்கும் மிச்சமில்லாமல் பிரித்துக் கொடுக்கும் எண்.
ஒரு சக்கரம் தள்ளி
நான் யாருக்கும் ஒத்துவராமல் வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

டிசம்பரில் கணக்கு நீண்டது.
விடுமுறை நாட்களில் மீதியை அவனுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பினேன்.
மற்றபடி எழுத எங்களுக்கு விஷயம் இல்லை.
நூற்றுத்தொண்ணூற்றேழு, இல்லை.
இருநூற்றுப்பதினொன்று, இல்லை.
கிறிஸ்துமஸ் அன்று இருநூற்று அறுபத்துமூன்று, இல்லை.
ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.

அறுபத்திரண்டாம் நாள், வருடத்தின் கடைசி நாள்.
இருநூற்றுத்தொண்ணூற்றுமூன்று.
மீதி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.
மூவாயிரத்து நானூற்றுப்பதின்மூன்று தடவை, துல்லியமாக.
கீழே ஒன்றுமில்லை.

தோற்றேன், என்றேன்.
அலமாரியிலிருந்து மடித்த சீட்டொன்றை எடுத்தான்.
972இன் வர்க்கம், 235இன் வர்க்கம்.
கூட்டிப் பார்த்தேன். அதே எண்.
பகா எண் இரண்டு வர்க்கங்களாக உடைந்தால்
ஒரே ஒரு விதமாகத்தான் உடையும்.
இரண்டாவது விதம் கிடைத்த அன்றே கதை முடிந்துவிட்டது.
சீட்டின் மூலையில் தேதி:
நவம்பர் ஒன்பது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது.
தட்டில் கத்தரி ஒன்று குறைந்தது, திரும்ப எண்ணினோம்.

ரயில் நிலையத்தில் காப்பிக்குக் காசு கொடுத்தேன்.
பன்னிரண்டடிக்கப் பாலத்துக்கு வந்தோம்.
வாணவெடிப் புகையில் கம்பம் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது.
கைப்பிடிகள் உரசுமளவுக்கு நெருங்கி
ஒரே சமயத்தில் கோட்டைக் கடந்தோம்.

1, என்றது இயந்திரம்.

பிழை, என்றேன்.
ஒன்று பகா எண்ணா, என்று கேட்டான் அவன்.
இல்லை, அதைச் சேர்ப்பதில்லை என்றேன்.