ரசமட்டம்

மூன்றே முக்கால் ஏக்கர்.
அதில் வீடு கொஞ்சம், கழிவுத்தொட்டி மேடு கொஞ்சம்,
மீதியெல்லாம் புல்.
பத்திரம் எழுதிய அன்று
புல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விரோக்வா கடைக்காரன் கேட்டான்:
நாற்பத்திரண்டா, ஐம்பத்துநாலா?
என் இடுப்பளவைத்தான் கேட்கிறான் என்று
ஒரு நொடி முறைத்தேன்.
வெட்டும் தட்டின் அகலமாம், அங்குலத்தில்.
என் தோட்டத்துக் கேட் நாற்பத்தெட்டு.
பெரியதை வாங்கினால் கேட்டை உடைக்க வேண்டும்
சின்னதை வாங்கினால்
என் சனிக்கிழமைகளை.
விலையைக் கேட்டேன்.
காப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு
வெளியே வந்தேன்.

ஆர்வின் ஹெல்கெசன் கொட்டகையில்
பழையது ஒன்று நின்றது.
முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஓடியது.
இருக்கையில் இடப்பக்கம் மட்டும் பள்ளம்.
"அந்தப் பக்கம்தான் பர்ஸ்" என்றாள் லோர்னா,
"திறந்தால்தானே மெலியும்."

மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல்
பெல்ட்டை இழுத்தேன், எண்ணெய்க் குச்சியை முகர்ந்தேன்.
எனக்கு ஒன்றும் தெரியாதென்று
எஞ்சினுக்குத் தெரிந்திருக்கும்.

"சரிவு உண்டா?" என்றார் ஆர்வின்.
"லேசாக."

செக்கை வாங்கவில்லை.
மறுநாள் காலை ஒரு பலகையும் ரசமட்டமுமாக
என் களஞ்சியத்தின் பின்னால் வந்து
ஆகாத முழங்காலை நீட்டி
ஆகிற முழங்காலை ஊன்றினார்.
குமிழி ஓடி மூலையில் ஒட்டிக்கொண்டது.
"இருபத்திரண்டு.
புத்தகத்தில் பதினைந்துதான்."
பிறகு, பலகையிடம் சொல்வதுபோல்,
"வெர்னன் வீட்டில் பத்தொன்பது."
வெர்னன் யாரென்று நான் கேட்கவில்லை.
லோர்னா வண்டியிலேயே உட்கார்ந்து
எதிர்ப்பக்கத்துச் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து முளைக்குச்சி, ஆரஞ்சு நாடா.
இதற்கு மேல் வெட்டக் கூடாது.
அதற்காக எண்பது டாலர் குறைத்துக்கொண்டார்.

ஜூன் முழுக்க
அவர் பள்ளத்தில் நான் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினேன்.
நாடாவுக்கு அப்பால் புல் இடுப்புயரம்,
பேர் தெரியாத ஊதாப் பூ,
உள்ளிருந்து ஒரு பறவை என்னைத் திட்டும்.
ஜூலையில் ஒரு குச்சியைப் பிடுங்கி
ஒரு முழம் மேலே நட்டேன்.
அடுத்த வாரம் இன்னும் இரண்டு.

வியாழன் சந்தைக்குப் போய்த் திரும்பினால்
எல்லாம் பழைய இடத்தில்.
ஈர மண்ணில்
ஒற்றை முழங்கால் தடம்.

ஞாயிறு, தேவாலயத்தின் நிலவறையில்,
காப்பி ஊற்றியபடி கேட்கிறார்
பெல்ட் எப்படி இருக்கிறது என்று.
கிறீச்சிடுகிறது, என்கிறேன்.