ஒரு சாண்

படிவத்தில் 'நோக்கம்' என்றொரு கட்டம் இருந்தது.
பட்டினமும் சூழலும் பிரதேச சபையில்
அந்தப் பிள்ளை பேனையை மூடிவிட்டுக் கேட்டாள்:
"உப்புவெளியில வீடு. நானூறு அடியில கடல்.
பிறகேன் ஐயா நீச்சல் தடாகம்?"
இவர் என்னைப் பார்த்தார்.
நான் சுவரில் டெங்கு எச்சரிக்கையைப் பார்த்தேன்.
கட்டத்தில் அவளே எழுதினாள்: உடல்நலம்.

உண்மைக்கு மூன்று சொல் போதும்.
நீந்தத் தெரியாது எனக்கு.
வயது ஐம்பத்தொன்பது.
சீனக்குடா மா ஆலையில் முப்பது வருஷம்
கப்பல் கோதுமை இறக்கி
இமையெல்லாம் வெள்ளையாய் வீடு வந்த மனுசன்
கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.
பொடியன்கள் சிரிப்பாங்களாம்.
நான் திருக்கடலூர், படகுக்காரர் வீட்டுப் பெட்டை.
"நீர் பழக்கிவிடும்" என்றார்.

சேமலாப நிதி வந்த கிழமை
கொப்பித் தாளில் கோடு கீறினார்.
இருபத்திரண்டுக்குப் பதினொன்று.
ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் ஐந்து.
"மூக்கு மேல நிக்கோணும்" என்று
குசினிக் கதவோடு ஒட்டி நின்று
தன் உயரத்தைப் பென்சிலால் குறித்தார்.
மதிலை மட்டும் எட்டடியாக்கச் சொன்னார்.

மாமரம் போனது. பெக்கோ வந்தது.
நாலடியில் மண் நிறம் மாறி
ஐந்தில் கசிந்து
ஆறில் பெக்கோக்காரன் சிரித்தான்:
"அக்கா, தடாகம் வந்திட்டுது. இனிக் கட்டத் தேவையில்ல."
இரண்டு மோட்டர் இரவுபகலாய் இறைக்க
கமலாசனி ரீச்சர் தன் கிணறு வற்றுதென்று
மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து நிஸ்தார் பாஸ்.
வேலை நேரம் வாய் திறக்காத மனுசன்.
நீல ரைல்ஸ் ஒட்டி முடித்து
கூலியை எண்ணாமல் பையில் வைத்தபடி
ஒன்றே ஒன்று சொன்னார்:
"மாரிக்கு முந்தி தண்ணி விட்டுருங்க சேர்.
வெறுமையா வெச்சா இது இருந்த இடத்துல இருக்காது."

பவுசர் விலை கேட்டு இவர் தை வரட்டும் என்றார்.
கார்த்திகை விடாமல் பெய்தது.
தேங்கினால் டெங்கு என்று
விழுந்த மழையையும் இறைத்து இறைத்து ஊற்றினார்.
நாலாம் இரவு
மணலில் புதைந்த கிடாரத்தை
யாரோ இழுத்தெடுப்பதுபோல் ஒரு சத்தம்.

டோர்ச் அடித்தோம்.
ஆழமான பக்கம் ஒரு சாண் எழும்பி நின்றது.
ஒரு ரைல் கழரவில்லை.
விளிம்போரம் தலைமயிர் அளவு கீறல்.
எங்கள் பதினெட்டு லட்சத்தை
நிலத்து நீர் தோளில் தூக்கியிருந்தது.

குடையோடு கனநேரம் பார்த்தார்.
"எனக்கு முந்தி இது நீந்திட்டுது."
சிரிப்பை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.
மதிலுக்கு அங்கால் ரீச்சரின் லைட் எரிந்தது.

விடிய போனில் பாஸ்:
"அடியில ஓட்டை போடுங்க. உள்ளுக்கு வரட்டும்.
வராட்டி முழுசா எழும்பிரும்."
இரவல் டிரில்லால் இவரே துளைத்தார்.
விரல் தடிப்பில் மணலோடு பீறி, பிறகு தெளிந்து
மத்தியானம் முழங்கால்
பின்னேரம் இடுப்பு
இருட்டுக்கு முன் நெஞ்சு.
தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பு. மெல்லிய உப்பு.
நானூறு அடி நிலத்துக்குக் கீழால் நடந்து
கடல்தான் வந்திருக்கிறது, ஆளைத் தேடி.

தூறிக்கொண்டிருந்தது.
பழைய மில் சேட்டோடு இறங்கினார்,
நான் வீட்டுச் சட்டையோடு.
சரிந்த தரையில் கால் வழுக்கியது.
ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
மறு உள்ளங்கையில் அவர் நாடி.
"விடாதையும், விடாதையும்."
விடவில்லை. எப்படி விடுவது?
படகு எங்களுடையது, கடலில் இறங்கியது அண்ணன்மார்.
பெட்டைகள் கரையில் வலையுலர்த்தினோம்.
அதை இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"இப்பிடித்தானே கால் அடிக்கிறது?"
"ஓம்" என்றேன்.

ஓட்டை அடைக்க, வெள்ளி தொழுகை முடிய வருவதாய்ச் சொன்னார் பாஸ்.
தை வரட்டும் என்றேன்,
இம்முறை நான்.