லா பே

லெ போர் என்றால் துறைமுகம் என்றே அர்த்தமாம்.
ஊருக்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள்.
விசாரணை முடியும்வரை
எங்கள் கப்பல் அங்கேதான் கட்டிக் கிடந்தது.

வெள்ளி இரவு ரோமெலிடம் சொன்னேன்:
கடைவாய்ப் பல் உயிரை எடுக்குது,
என் நாலு மணிக் காவலை நீ பார்,
நாளைக்கு உன்னுடையதை நான்.
சரி என்று கட்டைவிரல் காட்டினான்.

இரண்டு பகல் கடலைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.
ஆரஞ்சு மிதவை ஒன்று, நாங்களே எறிந்தது,
அதைத்தான்
மூன்று முறை கண்டுபிடித்தோம்.

கரையில் அதிகாரி பிரெஞ்சில் கேட்டார்.
தொலைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண்
யாழ்ப்பாணத் தமிழில் அதைச் சொன்னாள்:
"அண்டிரவு ஆற்றை முறை?"
பலகையைப் பாருங்கள் என்றேன்.
பலகையில் ரோமெல் என்றிருந்தது.
என் பெயரை உள்ளங்கையால் துடைத்துவிட்டு
அதை எழுதியது
விடிகாலை ஐந்தரைக்கு, நான்.

அன்றிலிருந்து இரவில் வருகிறான்.
எதிர் அறைக் கதவில் சாய்ந்து,
சொட்டச் சொட்ட,
கட்டைவிரல் காட்டியபடி.

ஞாயிறு கரையிறங்க அனுமதித்தார்கள்.
எங்கே போவதென்று தெரியாமல் நடந்தேன்.
மயிற்கொன்றை கொட்டிய சாலைத் திருப்பத்தில்
சிவப்புப் பெட்டி ஒன்று, எங்கள் ஊர்க் குருசடி அளவு.
உள்ளே சிப்பாய் உடுப்பில் ஒரு புனிதர்.
கேட்டது நடக்காவிட்டால்
தலையைத் தட்டிவிடுவார்களாம்.
இவருக்குத் தலை இருந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.

தகரக் கூரைக் கோயில்.
பூசை எந்த மொழியில் நடந்தாலும்
எப்போது மடங்க வேண்டுமென்று
முழங்காலுக்குத் தெரியும்.
கண்ணை மட்டும் மூடவில்லை,
மூடினால் வருவான்.

திடீரென எல்லோரும் திரும்பினார்கள்.
பக்கத்துப் பெண், பூப்போட்ட கவுன்,
முகம் மட்டும் அசல் புன்னக்காயல்,
என் கையைப் பிடித்து, சிரித்து,
"லா பே" என்றாள்.

பேய் என்றுதான் கேட்டது.

முன்வரிசைப் பையன் கை நீட்டினான்: லா பே.
கைத்தடிக்காரர்: லா பே.
கோயில் முழுக்க
ஒருவரையொருவர் பேய் பேய் என்று சொல்லி
சந்தோஷமாகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தது.
என் உள்ளங்கை நனைந்துவிட்டது.
அவள் விடவில்லை.

அப்புறம் புரிந்தது, சமாதானம் என்கிறார்கள்.

படகிலிருந்தவர்களும் இப்படித்தானே அலறினார்கள்
நாலாம் சாமத்தில்,
அலைமேல் நடந்து வந்தவரைப் பார்த்து?
அதுவும் விடியற்காலைக் காவல்தான்.
பேய் என்றார்கள்.
அவர் கோபித்துக்கொள்ளாமல் படகேறினார்.
காற்று நின்றது.

என் கதவெதிரே நின்றது ரோமெல்தானா?
சத்தியமாகத் தெரியவில்லை.
கட்டைவிரலை மட்டுமே பார்த்தேன்.
அந்தக் கையில்
ஆணித் தழும்பு இருந்ததா என்று
ஒருநாளும் பார்க்கவில்லை.

வாசலில் அவள் பெயர் சொன்னாள்:
ழொஸெத் வெலாயுதோம்.
வேலாயுதம் எந்தக் கப்பலில் வந்து
இந்தத் தீவில் இறங்கினானோ.
அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது.
எனக்கு இப்போது
பிரெஞ்சில் ஒரு சொல் தெரியும்.
வழியில் சூடாக இரண்டு சமூசா வாங்கித் தந்தாள்,
வலது பக்கமாகவே மென்றேன்.

திங்கள் காலை நானே போய்
அந்தத் தொலைபேசியைக் கேட்டேன்.
"சொல்லுங்கோ அண்ணை."
முதலில் பலகையைச் சொன்னேன்,
பிறகு பல்லை.
அவள் கொஞ்ச நேரம் மொழிபெயர்க்கவில்லை.
கம்பி முழுக்க இரைச்சல், கடல் மாதிரி.
அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.
அவர் என்ன எழுதுவார், என்னை என்ன செய்வார்கள்,
எதுவும் தெரியாத அந்த நாற்காலியில்
எனக்கு நடுக்கம் இல்லை.

பல் மட்டும் வலித்துக்கொண்டிருந்தது.