தொண்ணூற்றேழு

குக்கர் வாசர் இற்று மூன்று நாள்.
விசிலுக்குப் பதில்
ஒரு நீளப் பெருமூச்சு.
சனிக்கிழமை மெட்ரோவால் ஏறி வந்தேன்.
சென் லோறன் தெரு
பனியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது.

மொன்றியலின் வீட்டிலக்கங்கள்
இந்தத் தெருவில்தான் பிறக்கின்றன.
மேற்கே ஒரு ஐம்பது, கிழக்கே ஒரு ஐம்பது,
ஒரே பெயர் றோட்டில்.
தபால்காரனுக்குத்தான் தெரியும்
எந்த ஐம்பதுக்கு எவ்வளவு கடன்.

கேட்டுக் கேட்டு ஏறினேன்.
போர்த்துக்கல் கோழிக் கடையின் புகை
பிடரியில் கை வைத்து உள்ளே தள்ளப் பார்த்தது.
கல்லறைக் கல் விற்கும் முற்றத்தில்
பெயர் வெட்டாத கற்கள்
பனித்தொப்பியோடு ஆளுக்குக் காத்திருந்தன.
மூக்குத்தி போட்ட பையன் ஒருவன்
வாசர் என்றதும்
துவைக்கிற மெஷினைக் காட்டினான்.

பிரெஞ்சில் எப்படிச் சொல்ல?
மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் இருக்கும் வட்டம்,
ஆவியை வெளியே விடாத வட்டம்.
கடைசியில் கையால் ஒரு சுற்றுப் போட்டு
"உஸ்ஸ்ஸ்" என்றேன்.
அதெலினோவின் இரும்புக் கடையில்
அது போதுமாயிருந்தது.

பிஸ்கட் தகரத்தை மேசையில் கவிழ்த்தார்.
எத்தனை வீட்டு அடுப்படியோ,
அத்தனையும் கறுப்பு வளையம்.
ஒன்றை இழுத்துப் பார்த்து, மணந்து பார்த்து,
"இதுதான்" என்றார்.

காசு மேசையில் வுட்லின், ஹெயிட்டிக்காரி,
பத்து நகத்துக்கும் பத்து நிறம்.
நான் புதுசு என்று கண்டு
துண்டு துண்டாகச் சொன்னாள்.
அதுதான் பிழைத்தது.

"கத்ர்." நாலு. நாலு டொலர் வைத்தேன்.
"வான்." இருபது. நெஞ்சு இடித்தது, வைத்தேன்.
"தீஸ்." பத்து.
"செத்."
ஏழுதான். ஆனால் என் காதில்
அது பாதிச் சாவு.

பழைய றப்பர் துண்டுக்கு நாற்பத்தொரு டொலரா!
சண்டைக்கு வாய் திறக்கையில்
பின்னால் நின்ற கிழவர் சிரித்துவிட்டார்.
வுட்லின் விரல் மடித்தாள்:
இருபது நாலு தரம், மேலே பத்து, மேலே ஏழு.
தொண்ணூற்றேழு.
டொலர் இல்லை, சதம்.

"எங்களுக்கு நொவெந்த்தா. நேர் றோட்டு,"
என்றார் அதெலினோ.
"உங்களுக்கு?"
தொண்ணூறு, என்றேன், பெருமையாய்.
சொன்ன பிறகுதான் நாக்கில் ஏதோ தடக்கியது.
அதன் அடியில் ஒரு நூறு கேட்கிறது.
இன்னும் பத்துக் குறைய,
அதற்குள் நூறின் பெயரைச் சூட்டிவிட்டோம்.
தொள்ளாயிரத்துக்கும் அதே அவசரம்,
வாசலிலேயே ஆயிரம் என்று கூப்பிடும்.
இதையெல்லாம் விளக்க என்னிடம் பிரெஞ்சு இல்லை.
"வராத காசையும் எண்ணுவோம்" என்றேன்.
"அப்ப நீ இந்தத் தெருவுக்குச் சரி," என்றாள்.

ஒரு சதக் குற்றி ஒழிந்த நாடு.
தொண்ணூற்றேழு தொண்ணூற்றைந்தாகியது.
ஒரு டொலருக்கு மிச்சம்
பீவர் முதுகில் ஐந்து சதம்.

வாசரை மணிக்கட்டில் போட்டுக்கொண்டு நடந்தேன்.
மறுகையில் விறகடுப்புப் பேகல்,
கையுறையெல்லாம் எள்ளு.
பஸ்ஸில் பக்கத்துச் சீற்று மனிசி
வளையல் வடிவு, எங்கே வாங்கினாய் என்றாள்.
கடையிலக்கம் சொன்னேன்,
நாலிருபது கணக்கில், தடக்காமல்.

வீட்டில் பூட்டிப் பார்த்தால்
ஒரு நூல் பெரிசு.
ஆவி பக்கத்தால் வழிகிறது,
பருப்பு பல்லில் கடிபடுகிறது.

தகரத்தில் இன்னும் நிறைய இருந்தது.
அடுத்த சனி.