கீழே, இடப்பக்கம், கடைசி

பல் டாக்டரிடம் போவதாக
போஜெனாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.
எந்தப் பல் என்றாள்.
கீழே, இடப்பக்கம், கடைசி என்றேன்,
யோசித்து வைத்திருந்த பதில் என்பதால்
கொஞ்சம் வேகமாகவே.

பெரிய குற்றம் ஒன்றுமில்லை.
கூப்பிட்டிருந்தால் அவளும் வந்திருப்பாள்.
வந்தால் இடைவேளையில்
எப்படி இருந்தது என்பாள்.
நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.
சொன்னபின் அது
அவ்வளவுதான் என்று ஆகிவிடும்.

ப்ர்னோவில் நவம்பர்.
மழையென்றும் பனியென்றும் சொல்ல முடியாத ஒன்று
டிராம் கண்ணாடியில் வழிந்தது.
மேல்கோட்டைக் கொடுத்துத் தகர வில்லை வாங்கினேன்:
நூற்றுப் பதினேழு.
பிற்பகல் கச்சேரிக்கு
யார் யார் வருகிறார்கள் பாருங்கள்:
ஓய்வூதியக்காரர்கள்,
சீருடையைக்கூடக் கழற்றாத ஒரு தபால்காரி,
ஒரு வரிசை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள்,
அவர்களை முறைத்து முறைத்தே களைத்த வாத்தியார்,
பல் வலிக்காத நான்.

மலிவான டிக்கெட். முன்னால் தூண்.
பியானோக்காரரின் முதுகும்
அவருக்குப் பக்கம் திருப்ப உட்கார்ந்த பெண்ணும்
என் பங்குக்கு வந்தார்கள்.
வயலினும் செல்லோவும்
தூணுக்குள்ளிருந்து கேட்டன.

இருபது வயதிருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர்.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
எழுவாள். ஒரு கையால் கூந்தலை அள்ளிப் பிடித்துக்கொண்டு
மறு கையைத் தாளின் மேல்மூலைக்கு நீட்டுவாள்.
தொடாமல் நிற்பாள்.
அவர் தலை ஒரு நூல் அசையும்.
திருப்பி, நீவி, உட்காருவாள்.
அவள் தாளம் போடவில்லை.
ஆனால் காலணியின் தோலுக்கு அடியில்
பெருவிரல் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பகுதி, மெதுவானது.
செல்லோ தூணுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது
அவள் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள்.

இசை நிற்கவில்லை.
அவருடைய இடக்கை தன்பாட்டுக்கு நடந்தது;
வலக்கை எழுந்து ஒரு தாளைப் பின்னே தள்ளிவிட்டு
இறங்கி வந்து சேர்ந்துகொண்டது.
வாத்தியார் கண் மூடியிருந்தார்.
தபால்காரி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.
பெண்ணின் காது மட்டும்
சிவந்து, சிவந்து, கடைசிவரை சிவந்தே இருந்தது.

நான் பஸ் பணிமனையில் கணக்கெழுதுகிறவன்.
தாள் ஒட்டிக்கொள்வது எனக்குத் தெரியும்.
விரல் ஈரமானால் ஒரு தொல்லை,
காய்ந்தால் ஒரு தொல்லை.
பிளாஸ்திரி போட்ட விரல் என்றால் கேட்கவே வேண்டாம்.
மீதிக் கச்சேரியை
அவள் திருப்பத் திருப்ப
ஒன்று, ஒன்று, ஒன்று என்று
நானும் சரிபார்த்தபடியே கேட்டேன்.
எதை வாசித்தார்கள் என்று கேட்காதீர்கள்.

முடிவில் மூவர் குனிந்தார்கள்.
தூணுக்கு வெளியே வந்தபோதுதான்
செல்லோக்காரருக்குத் தாடி என்று தெரிந்தது.
அவள் இரண்டடி பின்னால்
தரையைப் பார்த்து நின்றாள்.
அவளுக்கென்றுதான் கைதட்டினேன்.
ஆனால் சத்தம் எல்லாருடையதோடும் கலந்து
எங்கோ போயிற்று.

டிராம் நிறுத்தத்தில் அவள் எனக்கு முன்னால்,
கசகசா ரொட்டியைத் தின்றுகொண்டு.
ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொன்னால்,
பார்த்த ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துவிடும்.
வாயை மூடிக்கொண்டேன்.
பல்வலிக்காரன் என்று நினைத்திருப்பாள்.

வீட்டில் விளக்கடியில் நிறுத்தி
வாயைத் திற என்றாள் போஜெனா.
திறந்தேன்.
என்ன செய்தார்?
பார்த்தார். அடுத்த மாதம் பதினான்காம் தேதி
மூன்று மணிக்கு மறுபடி வரச் சொன்னார்.
அவள் இன்னும் குனிந்து பார்த்தாள்.
"அந்தப் பல்லைப் பிடுங்கி
நாலு வருஷம் ஆகிறது" என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

மேசையில் எனக்கென்று
ஏற்கெனவே ஆறவைத்திருந்த சூப்,
மெல்லாமல் விழுங்கத் தோதாக
மசித்த உருளைக்கிழங்கு.
உட்கார்ந்தேன்.
வலப்பக்கமாகவே சாப்பிட்டேன்.